மயிலன் கண்ட கனவு

ஒரு கட்டுப் புகையிலைக்கு மலையையே விற்றுவிட்டானே இந்த மயிலன்!

குமாஸ்தா வெங்கிட்டுவுக்கு ஆத்திரமாக வந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் நல்லசிவம் முதலாளியின் மலைச்சரக்குக் கடை. அங்கே மலையிலிருந்து தேன் கொண்டுவருகிற முதுவான் பழங்குடிக்காரன் அந்த மயிலன்.

முதலாளியின் முட்டிவலி, மயிலன் அரைத்துக் கொடுத்த பச்சிலையில்தான் தீர்ந்தது. காசு கூட வாங்கவில்லை. வலி போன இடத்தில் முதலாளிக்கு ஆசை வந்தது. தைலம் காய்ச்சி, 'நல்லசிவம் கண்டுபிடித்தது' என்று பம்பாய் வரை விற்கலாமே!

"அது என்ன செடிலே?"

"மருந்தை விக்கக் கூடாது மொதலாளி. செடி கனவுல வந்து சொன்னாத்தான் நாங்க பறிக்கிறதே."

"எழுபத்தெட்டாம் வருசத்துல கனவாம்! காட்டுல கிடக்கதுக்கு யாருலே சொந்தக்காரன்? நீ சொல்லலைன்னா, ஆள்விட்டு அத்தனை செடியையும் பிடுங்கிப் பார்த்துருவேன்."

மயிலன் ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான். சுக்கு வாசனையும் காயல் காற்றும் கலந்து வந்தன. அவன் கண் மெல்லச் செருகியது.

"வருது மொதலாளி... மலை முழுக்கப் பூவு. மஞ்சளும் செவப்புமா... 'என் வேர்லதான் மருந்து, ஒண்ணு விடாமத் தோண்டிக்கோ'ங்குது..."

கேட்ட வெங்கிட்டுவுக்கே மலையேறிப் போனதுபோல் இருந்தது. முதலாளி சந்தோஷமாகப் புகையிலைக் கட்டை நீட்டினார்.

எண்பது ஆட்கள், இரண்டு மாதம். லாரி லாரியாக வேர் வந்து இறங்கியது. அதற்குள் முட்டிவலி திரும்பியிருந்ததால், முதல் தைலத்தை முதலாளி தன் முட்டியிலேயே தேய்த்துப் பார்த்தார். வலி கொஞ்சமும் குறையவில்லை.

"இனி அந்த மலைப்பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்!" என்று கத்தினார்.

வெங்கிட்டு மயிலனைப் படகுத்துறையில் பிடித்தான்.

"ஏமாத்திட்டயேடா! என்ன செடிடா அது?"

"உன்னிச்செடி சாமி. வெள்ளக்காரத் தொரை பங்களா வாசல்ல அழகுக்கு வெச்சது. மலையெல்லாம் பரவிடுச்சு. புல்லு மொளைக்கல, கேப்பை வெளையல. எங்கப்பன் காலத்துலேருந்து வெட்டறோம், தீரல. இப்ப சுத்தமாயிடுச்சு. மருந்துச் செடியும் பொழைச்சுது."

"அதுக்காக அவர் தலையிலயா கட்டறது?"

மயிலன் சிரித்தான்.

"வெச்சவன் கப்பலேறிப் போயிட்டான் சாமி. அவனை மாதிரியே இன்னொருத்தர் வந்தாத்தானே பிடுங்க முடியும்?"