கேள்விக்கு முந்தி வந்த பதில்

"எந்த ஆறு எந்தக் கடல்ல விழுதுன்னு தெரியாது. இதுக்குப் புவியியல் பட்டம் ஒரு கேடு."

மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக் கையெழுத்துப் போடாமலே மேசைமீது தள்ளிவிட்டார் அப்பா.

அவருக்கு அந்தக் குடியிருப்பில் 'உலக உருண்டை' என்று பெயர். இரவு எட்டு மணிக்கு டிவியில் வினாடி வினா ஓடும்போது, கேள்வி கேட்கிறவர் மூச்சு விடுவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவார். மலையோ, பாலைவனமோ, எந்த மதத்துக்கு எது புனித நூல் என்பதோ, எல்லாம் நுனி நாக்கில் இருக்கும். முன்பெல்லாம் பாதிக்குப் பாதி தப்பும். இந்தச் சில மாதங்களாக ஒன்றுகூடத் தப்புவதில்லை. வயசு ஏற ஏறத் தன் மூளை ஊறுகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"பன்னெண்டாவதுல நல்ல மார்க்குதாங்க எடுத்திருக்கா," என்றாள் மனைவி.

"மார்க்கு யாரு வேணா எடுக்கலாம். பொது அறிவு வேணும். எட்டாவதோட நின்ன உனக்கு அதெல்லாம் புரியாது. தண்ணி கொண்டா."

கொண்டுவந்தாள். எல்லா மதங்களும் பணிவைத்தான் போதிக்கின்றன என்று விளக்கிக்கொண்டே, கால்மேல் போட்ட காலை எடுக்காமல் வாங்கிக் குடித்தார்.

மகள் விடவில்லை. "நாளைக்கு ராத்திரி என்கூடப் போட்டிக்கு வாங்கப்பா. உங்களை முந்திட்டா கையெழுத்துப் போடணும்."

"தோத்துட்டா?"

"நீங்க சொல்றதைக் கேக்குறேன்."

"அப்ப அம்மாகூடத் தையல் கம்பெனிக்குக் கிளம்பத் தயாராயிரு."

விண்ணப்பம் கொடுக்க நாளை மறுநாள்தான் கடைசி.

மறுநாள் காலை அவர் சாப்பாட்டுப் பையோடு ஆபீசுக்குக் கிளம்பினார். மனைவிக்கு வேலைக்குப் போகக் கால் வரவில்லை. தலைவலி என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கவலைப்பட்டாள், துணி மடித்துக்கொண்டே கவலைப்பட்டாள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகாமல் அட்லஸை விரித்து வைத்திருந்த மகள், "உலகம் ரொம்பப் பெருசாயிருக்கும்மா," என்று அழாத குறையாகச் சொன்னாள்.

மதியம் இரண்டு மணிக்கு, மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று மனைவி டிவியைப் போட்டாள். அதே வினாடி வினா. கேள்வி கேட்கிற அதே கோட்டுக்காரர். கீழே எழுத்து ஓடியது: மறு ஒளிபரப்பு, இன்று இரவு எட்டு மணிக்கு.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பில்லையாம்மா?"

"தப்புதான். நல்லாக் கேட்டு மனப்பாடம் பண்ணு."

அவர் ஆபீசில் டிவி கிடையாது. மாட்டிக்கொள்ள வழியே இல்லை. இருந்தும் சாயங்காலம் வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணுக்குத் திருட்டுத்தனம் சொல்லிக்கொடுத்த பாவத்தை எந்த மதத்தில் போய்க் கரைப்பது என்று வேறு யோசித்தாள். அதையும் அவரைத்தான் கேட்கவேண்டியிருக்கும்.

எட்டு மணி ஆனது. அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"உலகிலேயே மிக ஆழமான..."

"பைக்கால் ஏரி," என்றாள் மகள்.

அவருடைய கால் கீழே இறங்கியது.

"உலகின் மிக உயரமான..."

"ஏஞ்சல் அருவி. வெனிசுவேலா." இதையும் மகள்தான் சொன்னாள்.

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கோட்டுக்காரர் "சீக்கியர்களின்" என்றதுமே, "குரு கிரந்த் சாகிப்" என்று பாய்ந்தார். அடுத்ததில் "உப்புப் பாலைவனம்" என்ற சொல் காதில் விழுந்ததும் "பொலிவியா" என்றாள் மகள். அப்பாவுக்கு மூச்சு இரைத்தது.

"அடுத்த கேள்விக்குப் போகலாம்," என்ற கோட்டுக்காரர், தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

"சினகாக்," என்றார் அப்பா.

"சினகாக்," என்றாள் மகள்.

கோட்டுக்காரர் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, யூதர்களின் வழிபாட்டுத் தலத்துக்கு என்ன பெயர் என்று நிதானமாகக் கேட்டார்.



முதலில் கோபம் வந்தது அவருக்குத்தான். "கேள்வியே வரல, பதில் எப்படிடி வந்துச்சு? மத்தியானமே பாத்து வச்சுக்கிட்டு என்னை ஏமாத்துறியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா குனியவில்லை.

"மத்தியானமும் போடுறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல ஏது டிவி?"

"ஆபீஸே இல்ல," என்றார் அவர், டிவியைப் பார்த்தபடியே. "மூடிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு டிவி இருக்கு. அதுக்கு முன்னாலதான் உக்காந்திருப்பேன்."

"அப்ப மாசா மாசம் குடுத்த சம்பளம்?"

"கணக்கு முடிச்சு அனுப்புறப்ப குடுத்த பணம். அதுவும் தீந்துபோச்சு."

திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. எதை முதலில் எடுப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் மகள் கேட்டுவிட்டாள்.

"அதைச் சொல்லியிருக்கலாமேப்பா. என்னை எதுக்கு மக்கு மக்குன்னு சொன்னீங்க?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உலக உருண்டைக்கு நேரம் பிடித்தது.

"எனக்குச் சம்பளம் இல்லைன்னு சொல்றதைவிட, உனக்கு மூளை இல்லைன்னு சொல்றது சுலபமா இருந்துச்சும்மா."