அண்ணனுக்கு மேலே

“சார், காலையிலேருந்து உங்க அண்ணன் ஆளையே காணோம்!”

போனில் வந்த செய்தியைக் கேட்டு வாஷிங் மெஷின் மெக்கானிக் துள்ளிக் குதித்தார். “நெஜமாவா? நல்லாத் தேடிப் பார்த்தியாம்மா?”

“மூணு பக்கம் தள்ளிப் பார்த்துட்டேன் சார். இன்டர்நெட்ல ‘வாஷிங் மெஷின் ரிப்பேர்’னு தேடினா நீங்கதான் முதல்ல வர்றீங்க. அவர் விளம்பரம் எங்கேயுமே இல்ல.”

பேசியது, மெக்கானிக்கின் இணைய விளம்பரங்களைக் கவனித்துக்கொள்ளும் பெண். யாராவது விளம்பரத்தைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் காசு போகும். அது வீணாகாமல் பார்ப்பது அவள் வேலை. பக்கத்துத் தெருவில் அண்ணனும் அதே தொழில் செய்வதும், அங்கே எப்போதும் நாலு பேர் காத்து நிற்பதும் மெக்கானிக்கின் வயிற்றெரிச்சல். அதற்கு மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

“ஒண்ணு மட்டும் புரியல சார். உங்க விளம்பரத்தைத் தட்டுற பத்துப் பேர்ல எட்டுப் பேர், உங்க கடைப் பேரை எழுத்து மாறாம அடிச்சுத்தான் வர்றாங்க. கடை தொறந்து ஆறு மாசம்கூட ஆகல…”

“இதுல புரியாம என்ன இருக்கு? என் கைராசி அப்படி!” மெக்கானிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “இப்ப நான் சொல்றதைச் செய். யாராவது அண்ணன் கடைப் பேரைத் தேடினாலும் மேல என் விளம்பரம்தான் வரணும்.”

“சொந்த அண்ணன் சார்…”

“தொழில்ல என்னம்மா அண்ணன், நொண்ணன்? போடு!”

போட்டாள். மூன்றே வாரத்தில் அண்ணன் கடைக் கூட்டம் கரைந்தது. ஒரு நாள் மத்தியானமே அங்கே ஷட்டர் இறங்கியதைப் பார்த்த தம்பிக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் அவர் கடைக்கும் ஆள் வரவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

“அண்ணனைத் தேடி வர்றவங்க, இது வேற கடைன்னு தெரிஞ்சதும் போனை வெச்சுட்டு வேற எங்கேயோ போயிடறாங்க சார்,” என்றாள் அவள். “உங்க பேரைத் தேடி வருவாங்களே, அவங்க குறைஞ்சுக்கிட்டே வந்து இந்த வாரம் ஒருத்தருமே இல்ல.”

“அண்ணன் வேலையைக் காட்டிட்டான்! கண்டவங்ககிட்டயும் என்னைப் பத்தித் தப்பாச் சொல்லி வெச்சிருப்பான்.” மெக்கானிக் பல்லைக் கடித்தார்.

மறுநாள் ஒரு டீச்சர், தன் வாஷிங் மெஷினின் சர்க்யூட் போர்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நாலு நாளில் வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். மெக்கானிக் போர்டைக் கையில் வாங்கக்கூட இல்லை.

“என் கடைப் பேரைத் தேடியா வந்தீங்க? பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். கடைப் பெயர் எழுத்து மாறாமல் இருந்தது. “இதைப் பார்த்துத்தான் போன்ல அடிச்சேன்.”

“யார் எழுதினது?”

“போர்டு வேலைன்னு யார் போனாலும், ‘என்னைவிடத் தம்பி கெட்டிக்காரன்’னு சொல்லி இதைத்தானே எழுதிக் குடுக்கிறார், உங்க அண்ணன்!”