உப்பில்லாத காப்பி

ஓர் ஆண்பிள்ளையின் மானத்துக்கு இஸ்தான்புல்லில் விலை எண்பதாயிரம் லீரா, தேநீர் இலவசம். அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த தைஃபூன், பெண் கேட்கப் போன வீட்டில் இரண்டு கண்ணும் வீங்கி, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"யாருகூட சண்டை?" என்றார் பெண்ணின் அப்பா ஹிக்மத். பாதி ஆயுளைப் போலீஸில் கழித்தவர்.

"சண்டையில்லீங்க. கடையில கம்பளக் கட்டு சரிஞ்சு நெத்தியில விழுந்துடுச்சு."

விழுந்தது ஒன்றுமில்லை, நட்டதுதான். நேற்று நெய்த கம்பளத்தை நூறு வருடப் பழசு என்று விற்கிறவன், வெள்ளிக்கிழமை முடி நட்டால் ஞாயிற்றுக்கிழமை சீவிக்கொள்ளலாம் என்று நம்பிவிட்டான். பெண் வீட்டுக்கு அனுப்பிய புகைப்படத்தில் முடி இருந்ததே! அது பத்து வருடப் பழசு.

கிளினிக்கில் மல்லாக்கப் படுக்கவைத்து முடி நட்ட முகமூடிக்காரியிடம் வாய் ஓயாமல் புலம்பினான். "ஞாயித்துக்கிழமை பொண்ணு கேக்கப் போறேன். வழுக்கைன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவா."

அவள் பதிலுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "குனியாதீங்க. தலையைத் தொடாதீங்க. உப்பைக் குறைங்க."

ஹிக்மத் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். குனிந்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தைஃபூனுக்கு வியர்த்தது.

"அப்பா, எழுந்து நின்னு கை குடுங்க," என்றது கதவோரக் குரல். பெண் நெவின். என்ன மரியாதையான பெண் என்று உருகினான். குனியாமலே முத்தமிட்டான்.

"சரி, வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி? கழட்டு தம்பி."

நல்லவேளை, காப்பி வந்தது. வழக்கப்படி, மாப்பிள்ளையின் கோப்பையில் பெண் உப்பை அள்ளிப் போடுவாள். முகம் சுளிக்காமல் குடிக்கிறவன்தான் ஆண்பிள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினான்.

உப்பே இல்லை!

"மாமா, உப்புப் போடல," என்று கிசுகிசுத்தான்.

உடன் வந்த ஷுக்ரூ மாமாவின் முகம் தொங்கிப்போனது. "போச்சுடா! சோதிச்சுக்கூடப் பாக்கலேன்னா வேணாம்னு அர்த்தம். பேரம் பேசாத கிராக்கி சரக்கு வாங்கி எங்கடா பாத்திருக்கோம்? எந்திரி, போலாம்."

தைஃபூன் எழுந்தான். தோற்ற வியாபாரத்தில் இன்னும் எதற்குப் பொய்? தொப்பியைக் கழற்றினான்.

"கட்டும் விழல, ஒண்ணும் விழலீங்க. முடி நட்டுக்கிட்டேன். உங்க பொண்ணுக்குப் புடிக்கணுமேன்னுதான்."

ஹிக்மத் சுற்றிவந்து பார்த்தார். "அடப்பாவி, எள்ளு தூவின ரொட்டி மாதிரியில்ல இருக்கு!" என்று வயிறு குலுங்கச் சிரித்தவர், மகள் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் உப்புகூடப் போடாம அனுப்பப் பாத்தியா?"

நெவின் தட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"வீக்கத்துக்கு உப்பு ஆகாதுப்பா. மூவாயிரத்து இருநூறு முடி, என் கையால எண்ணி எண்ணி நட்டிருக்கேன். முளைச்சதை எண்ணிக் கணக்கை நேர் பண்ண நான் பக்கத்துலயே இருக்க வேணாமா?"