நடுவில் ஒரு பள்ளம்

மூன்று மணிக்கு வேன் வந்துவிடும். அதற்குள் இந்த மெத்தையை யாராவது எடுத்துக்கொண்டு போயாக வேண்டும்.

போகாவிட்டால் அதையும் வேனில் ஏற்றிவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தேய்ந்த பல் பிரஷ்ஷைக்கூடச் சீப்பு கழுவ ஆகும் என்று எடுத்து வைக்கிற மனுஷன். மெத்தையையா தூக்கிப் போடப்போகிறார்?

புது ஊரில் புது வீட்டுக்குப் புதுக் கட்டிலோடு புது மெத்தை இன்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. இந்தப் பழசும் கூடவே வந்தால் போச்சு. ‘புதுசு விருந்தாளிக்கு இருக்கட்டும், நமக்கு இதுவே போதும்’ என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குத் தெரியாதா அவரை?

இனி ஒரு நாள்கூட அந்தப் பள்ளத்தில் நான் படுப்பதாக இல்லை.

காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கட்டிலை எதிர்வீட்டு டீச்சர் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜை, துணி வெட்ட வசதியாக இருக்கும் என்று தையல்காரரிடம் போயிற்று. சோபாவை மூலைக் கடை சலூன்காரர் இரண்டு ஆளோடு வந்து தூக்கிப் போனார். வீடு காலியாகக் காலியாக நான் பேசுவதெல்லாம் எதிரொலித்தது. சும்மாவாவது ‘ஓய்’ என்று கத்திப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மெத்தை மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு போவேனா என்றது.

வந்தவர்கள் எல்லாம் அதைத் தரையில் போடச் சொல்லிக் கையால் அழுத்திப் பார்த்தார்கள். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் சரியாக நடுவில், ஓர் ஆள் அகலத்துக்கு, நீளமாக ஒரு பள்ளம். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு மணிக்கு ஓர் அம்மா புது மருமகளோடு வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போய்விட்டார்.

“ஏம்மா, சண்டைன்னா பேசித் தீத்துக்கணும். அவரை ஹால்ல படுக்கவிட்டுட்டு நீ மட்டும் நட்டநடுவுல படுத்துக்கிட்டா எப்படி?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, “சரிங்கம்மா” என்றேன்.

வெளியே வந்தவர், “நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க தம்பி” என்று அவருக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டு, சண்டைக்காரர் வீட்டு மெத்தை சின்னஞ்சிறுசுகளுக்கு ஆகாது என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் திருதிருவென்று விழித்தார். “என்னவாம்?”

“நான் உங்களைக் கட்டிலை விட்டு விரட்டிட்டேனாம்.”

சிரித்தார் மனுஷன். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. உள்ளே போய்க் கயிறோடு வந்து மெத்தையைச் சுருட்ட உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பகீரென்றது.

“இன்னும் இருபது நிமிஷம் இருக்குங்க” என்றேன். அழுகை வரும்போல் இருந்தது. ஒரு மெத்தைக்கு அழுவார்களா? நான் அழுதிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் கேன்டீன் சமையல்காரர் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். நல்ல ஆகிருதி. சலூன்காரர் சொல்லி அனுப்பினாராம். “பாத்துக்கலாமா?” என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை நடுவில் மல்லாந்து படுத்துவிட்டார்.

கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்துவிட்டேன்.

“அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே” என்றார் கடைசியில். “ஏன் சார், யாராச்சும் ஒண்டிக்கட்டை படுத்த மெத்தையா இது?”

என் வீட்டுக்காரர் கழுத்தைச் சொறிந்தார்.

“ஆமாண்ணே, ஒண்டிக்கட்டைதான்! ஒரு பக்கம் பிடிங்க!” என்று நான் குனிந்து ஒரு முனையைத் தூக்கியேவிட்டேன்.

சமையல்காரருடைய மூன்று சக்கர வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனசு மாறித் திரும்பி வந்துவிட்டால்? வரவில்லை. காலி ஹாலுக்கு ஓடிவந்து ஒரு குதி குதித்தேன். கயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார் அவர்.

அவருடைய போன் அடித்தது. புது வீட்டிலிருந்து எலக்ட்ரீஷியன்.

பேசிக்கொண்டே இருந்தவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் லைட் சுவிட்ச் வைக்க முடியுமாம். நீ எந்தப் பக்கம் படுப்பன்னு கேக்குறான்.”

பட்டென்று சொல்ல வாயைத் திறந்தேன். தெரியவில்லை.

“நீங்க எந்தப் பக்கம்?” என்றேன்.

அவருக்கும் தெரியவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம். எனக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, அவருக்குப் பகலில் பஸ் டியூட்டி. நான் வந்து படுக்கும்போது அவர் எழுந்து போயிருப்பார், தலையணை மட்டும் சூடாக இருக்கும். லீவு ராத்திரிகளிலும் எனக்குத் தூக்கம் பிடிக்காது, விடிய விடிய ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவர் நடுவில் படுப்பார். நானும் நடுவில்தான் படுப்பேன்.

நேற்றோடு ராத்திரி டியூட்டி முடிந்தது. புது ஊரில் இரண்டு பேருக்கும் பகல் வேலை.

போனுக்குள் எலக்ட்ரீஷியன் “சார், சார்” என்று கத்திக்கொண்டிருந்தார். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

“நாளைக்குக் காலையில சொல்றோம்னு சொல்லுங்க” என்றேன்.