கவர்னர் வந்த அன்னிக்கு பேண்ட் வாசிக்கல

"நான் கை தூக்க மாட்டேன். வேற யாரையாவது வச்சு வாசிக்க வச்சுக்கங்க."

பேண்ட் டீச்சர் ஒடெஸ்ஸா மேடம் இப்படிச் சொன்னப்போ கவர்னரோட கார் ஸ்கூல் கேட்டுக்குள்ள நுழைஞ்சாச்சு.

ஜிம்முல ஸ்கூல் மொத்தமும் உக்காந்திருக்கு. பேண்ட் பசங்க சிவப்பு யூனிஃபார்ம்ல, ட்ராம்போனையும் ட்ரம்பெட்டையும் மடியில வச்சுக்கிட்டு, மேடம் எப்போ கை தூக்குவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்காங்க. மேடமோ கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கிறாங்க.

டிரெவருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. குடிமையியல் வாத்தியார். ஒஹையோவுல இருந்து இந்த ஊருக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது. அரசியல் சாசன நாளுக்கு கவர்னரைக் கூப்பிடலாம்னு ஐடியா குடுத்ததே அவன்தான். வாரம் பூரா பசங்களை மனப்பாடம் பண்ண வச்சிருந்தான். சட்டம் போடுறவங்க ஒருத்தர், ஆட்சி நடத்துறவங்க ஒருத்தர், தீர்ப்பு சொல்றவங்க ஒருத்தர். அடுத்தவங்க வேலையில யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

"மேடம், விளையாடாதீங்க. பிரின்சிபால் உங்க வேலைக்கே உலை வச்சிடுவாரு."

"தெரியும். காலையிலயே சொல்லிட்டாரு."

"கவர்னரோட கட்சி புடிக்கலன்னா ஓட்டுல காட்டுங்க. பசங்க முன்னாடியா காட்டுறது?"

"அவருக்குத்தான் தம்பி ஓட்டு போட்டேன். வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கி நோட்டீஸ் குடுத்தேன்."

"அப்புறம் என்ன கோபம்?"

"ரோஸ்கோ."

"அது யாரு?"

"என் கூடப் பொறந்தவன். செய்யாத கொலைக்கு ஜெயில்ல கிடக்கான். செஞ்சவன் சாகுறப்போ பாதிரியாரையும் நர்ஸையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினான்."

டிரெவர் குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. "கோர்ட்டுக்குப் போனீங்களா?"

"முதல்ல அங்கதான் போனேன். ஜட்ஜ் நல்லாத்தான் பேசினாரு. கண்ணுகூடக் கலங்கிடுச்சு. ஆனா புதுசா சாட்சி கொண்டுவர சட்டத்துல ஒரு கெடு இருக்காம். அது தாண்டிப் போச்சு, சட்டத்தை மாத்துற அதிகாரம் எனக்கு இல்லைன்னாரு. நான் மட்டும் சட்டம் போடுற இடத்துல இருந்தா முதல் வேலையா இதைத்தான் மாத்துவேன்னாரு."

"நியாயம்தானே மேடம். ஜட்ஜே சட்டம் போட ஆரம்பிச்சா நாடு தாங்குமா?"

"நானும் நியாயம்னுதான் நெனச்சேன். பொறுத்திருந்து செனட்டர்கிட்ட போனேன். தன் கையால காபி ஊத்திக் குடுத்தாரு. ஒரு ஆளுக்காகச் சட்டத்தை மாத்த முடியாதும்மா, மன்னிச்சு விடுற அதிகாரம் கவர்னருக்குத்தான் இருக்குன்னாரு. நான் கவர்னரா இருந்தா இன்னிக்கே கையெழுத்து போடுவேன்னாரு."

"சரி, கவர்னர்கிட்ட?"

"போன வாரம் போனேன். ரோஸ்கோவுக்கு ஈரல் போச்சு. கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் வீட்டுக் கட்டில்ல படுத்து சாகட்டும், விட்டுடுங்கன்னு கேட்டேன். கோர்ட்டு சொன்னதை நான் மாத்தினா கோர்ட்டுக்கு என்ன மரியாதைன்னு கேட்டாரு. அதிகாரப் பிரிவினைன்னு ஒண்ணு இருக்கும்மா, அதை மட்டும் மீற மாட்டேன்னு நெஞ்சுல கையை வச்சுச் சொன்னாரு."

டிரெவர் டையைச் சரி பண்ணிக்கிட்டான்.

"கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா இதுல யாரைக் குத்தம் சொல்றது? மூணு பேரும் அவங்கவங்க எல்லைக்குள்ள நின்னுட்டாங்க."

"ரோஸ்கோவும் அவன் எல்லைக்குள்ளதான் நிக்கிறான். எட்டடிக்கு ஆறடி."

கதவு திறந்துச்சு. கவர்னர் உள்ள வந்தாரு. வாத்தியம் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பளபள தரையில அவரு ஷூ சத்தம் மட்டும் கேட்டுச்சு. பின்வரிசையில யாரோ களுக்னு சிரிச்சாங்க. பிரின்சிபால் ஒடெஸ்ஸா மேடத்தைப் பாத்த பார்வையிலயே அவங்க வேலை போயிடுச்சு.

டிரெவருக்கு அவமானமா இருந்துச்சு. அவன் கூப்பிட்ட விருந்தாளி. மேடம் காதுகிட்ட குனிஞ்சு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினான்.

"உங்க வலி எனக்குப் புரியுது. அதுக்காக இவரு ஒருத்தரை மட்டும் அவமானப்படுத்துறது எந்த ஊரு நியாயம்? ஜட்ஜ் கைவிட்டாரு, செனட்டர் கைவிட்டாரு. அவங்களை விட்டுட்டீங்க. கடைசியில மாட்டினவரு தலையில மொத்தத்தையும் கொட்டுறீங்க."

மேடம் மேடையைப் பாருன்னு கண்ணைக் காட்டினாங்க. மேடையில பிரின்சிபால் மைக்கைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மாணவர்களே, இந்த நாளுக்கு இவரை விடப் பொருத்தமான ஆளு இந்த மாநிலத்துலயே கிடையாது. இதே ஊரு கோர்ட்டுல பல வருஷம் ஜட்ஜா இருந்தாரு. அப்புறம் இதே ஊருக்கு செனட்டரா இருந்தாரு. இன்னிக்கு நம்ம கவர்னர். மூணு அதிகாரத்தையும் உள்ள இருந்து பாத்த ஒரே மனுஷர்."

ஜிம் அதிர்ற மாதிரி கைதட்டல்.

டிரெவர் மெதுவா மேடம் பக்கம் திரும்பினான்.

"கை தட்டு தம்பி"ன்னாங்க ஒடெஸ்ஸா மேடம். "எல்லாரும் உன்னையே பாக்குறாங்க."