பெயர் தெரியும் பக்கம்

குண்டு விழுந்து கண்ணாடி போன ஜன்னலுக்கு, நாற்காலிமேல் ஏறி நின்று பிளாஸ்டிக் ஷீட் அடித்துக்கொண்டிருக்கிறார் தச்சர். வெளிநாட்டில் தன் பட்டறையைப் பூட்டிவிட்டு, சம்பளம் வாங்காமல் உதவ வந்தவர். வாயில் நான்கு ஆணிகள். கீழே கைகட்டி நிற்கும் வீட்டுக்காரி, தண்ணீர் வேண்டுமா என்று ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை. சுத்தியல் விழும்போதெல்லாம் அவள் தோள் தூக்கிப்போடுகிறது. அதற்கும் சேர்த்து அவரை முறைக்கிறாள். ஷீட் முழுக்க நீல எழுத்தில் உதவிக் குழுவின் பெயர். அது தெருவைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது குழுவின் கண்டிப்பு. “யாரு படிக்க? மேல பறந்து குண்டு போடறானே, அவனா?” என்கிறாள். அவர் வாயிலிருந்து ஆணிகளை எடுக்கிறார். “நான் என்னம்மா பண்ணட்டும்? பேரு தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க.” “இருபது நாளா மழை இது வழியாத்தான் உள்ள வந்துச்சு. அப்ப எந்தப் பேரையும் காணோம்.” அவர் கடைசி ஆணியை இறக்குகிறார். சாயங்கால வெயில் ஷீட்டில் பட்டதும், நீல எழுத்துகள் அறைக்குள் விழுகின்றன. அவள் இரண்டடி நகர்ந்து அந்த வெளிச்சத்தில் வந்து நிற்கிறாள். நெற்றியில் பாதிப் பெயர், கன்னத்தில் மீதி. “இப்ப எடுங்க போட்டோ.” தச்சர் போனைத் தொடவில்லை. பெயர் உள்பக்கம் வரும்படி ஷீட்டைத் திருப்பி அடித்துவிடலாம் என்று, சுத்தியலின் ஆணி பிடுங்கும் பக்கத்தைத் திருப்புகிறார். “பிடுங்காதீங்க,” என்கிறாள், அந்த வெளிச்சத்திலிருந்து நகராமல். “கிழிஞ்சிரும். ராத்திரி மழை வரும்.”