சர்வர் நின்ற வாரம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு வாரமாக லினக்ஸ் சர்வர் காரணம் தெரியாமல் அடிக்கடி உறைந்துபோய்க்கொண்டிருந்தது. அது நின்றால் வாசலில் வருகைப் பதிவும் நின்றுவிடும். தையல் பிரிவுப் பெண்கள் மே மாத வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

“இது இன்பசேகரன் வேலைதான்,” என்றார் மேனேஜர் ஹேமந்த். “சும்மா உக்காந்திருக்கார்னு மார்ச்ல வீட்டுக்கு அனுப்பிச்சோம். போறப்ப எதையோ பண்ணி வெச்சிட்டுப் போய்ட்டார்.”

சர்வரைப் பார்த்துக்கொள்ள இன்பசேகரன் இடத்துக்கு வந்திருந்த ரெனிட்டா மெமரியை மாற்றிப் பார்த்தாள். பலனில்லை. கடைசியில், சர்வர் எப்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆனது என்ற பட்டியலை எடுத்தாள். நான்கு வருடமாகத் தினமும் காலை ஆறு பத்து. கிறிஸ்துமஸ்கூட விடவில்லை. ரீஸ்டார்ட் செய்யாமல் ஒரு நாளைக்கு மேல் விட்டால் அது உறையும் என்று இன்பசேகரனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஆறு பத்து மார்ச்சோடு முடியவில்லை. மே பதினொன்றாம் தேதிவரை இருந்தது.

காலை ஆறு பத்துக்கு யார் உள்ளே வந்தது என்று வாட்ச்மேன் சம்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்பசேகரன் சார நான்தான் உள்ள விட்டேன் மேடம். ‘வேலைய விட்டு எடுத்துட்டாங்களே, உங்களுக்கு இன்னாத்துக்கு சார் இது’ன்னு கேட்டேன். ‘பொம்பளைங்க வாசல்ல நிப்பாங்க சம்பத்து’ன்னார்.”

“அப்புறம் ஏன் வரல?”

“பன்னெண்டாம் தேதி காலைல மாதனூர் பக்கத்துல லாரி அடிச்சிட்ச்சி. இங்கதான் வந்துட்டிருந்தார்.”